பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயை வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

தார்னெய்ட்_வாசி | திங்கள், இரவு 10:40

மெல்பர்னுக்கு மேற்கே தார்னெய்ட்டில் இருக்கிறோம். மாடி வீடு, பின்னால் சின்னத் தோட்டம். நான், மனைவி, எட்டு வயது மகள், மூன்று வயது மகன். அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருப்பார்.

மகள் ஒரு வருடமாக நாய் கேட்கிறாள். போன சனிக்கிழமை பூங்காவில் ஒரு வயதானவர் சாம்பல் நிறக் கிரேஹவுண்டுடன் உட்கார்ந்திருந்தார். இவள் கிட்டப் போனாள். அது மெதுவாக எழுந்து வந்து, இவள் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. குரைக்கவில்லை, தாவவில்லை, நக்கவில்லை. ஒரு நிமிடம் நின்றிருக்கும். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

எனக்கு நாய் வளர்த்த பழக்கம் கிடையாது. தெருநாய் துரத்தி ஓடிய பழக்கம் மட்டும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பிராணியை இத்தனை சின்ன வீட்டில் எப்படி அடக்குவது? தினமும் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்? குழந்தைகளுக்குப் பாதுகாப்பா? பக்கத்து வீட்டில் பூனை வேறு இருக்கிறது. வளர்ப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சோபாவைப் பறிகொடுத்தவன் | திங்கள், இரவு 11:25

வாங்க வாங்க. ஆறு வருடமாக இரண்டு பேர் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். என் பெயரைப் பார்த்தாலே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும்.

ஓட்ட வேண்டியதில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை. மற்ற நேரமெல்லாம் தூக்கம். சாண்டவுன் பார்க் பந்தயத் திடலில் 515 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இவர்களுடைய உடம்பு அந்த அரை நிமிடத்துக்காகவே ஆனது. ஓடி முடித்தால் மூச்சு வாங்கும், அப்புறம் படுக்கை. என் நண்பனிடம் கெல்பி என்ற மந்தை மேய்க்கும் இன நாய் ஒன்று இருக்கிறது, அதோடு அவன் தினமும் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று. 'நல்ல நாய், சாதுவான நாய்' என்று சொல்லித்தான் எல்லோரும் கொடுப்பார்கள். அது உண்மைதான். சொல்லாமல் விடுவது எதை என்றால், அதற்கு வயது மூன்றோ நான்கோ இருக்கும், ஆனால் அது இதுவரை ஒரு வீட்டுக்குள் இருந்ததே இல்லை. கெனலில், அதாவது நாய்க்கொட்டிலில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, வேனில் ஏறி டிராக்குக்குப் போய் வந்தது. படிக்கட்டு தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. மிக்சி சத்தம் தெரியாது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும் என்று தெரியாது. தனியாக ஓர் அறையில் இருப்பது என்றால் என்னவென்றே தெரியாது, ஏனென்றால் பக்கத்துக் கூண்டில் எப்போதும் இன்னொரு நாய் இருந்திருக்கும்.

என் மூத்தவன் வந்த முதல் நாள் எங்கள் டிவி திரையில் தன் நிழலைப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் சிலைபோல நின்றான். நகரவே இல்லை. பயம் வந்தால் இவர்கள் குரைக்க மாட்டார்கள், உறைந்துவிடுவார்கள். இழுக்காதீர்கள். பக்கத்தில் நின்று, லேசாகப் பக்கவாட்டில் திருப்பினால் கால் தானாக நகரும்.

தார்னெய்ட்_வாசி | செவ்வாய், காலை 7:05

மாடிப்படி தெரியாதா? படுக்கையறைகள் எல்லாம் எங்களுக்கு மேலேதான்.

சோபாவைப் பறிகொடுத்தவன் | செவ்வாய், காலை 7:50

கற்றுக்கொள்ளும். ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். பின்னால் நான் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன், மனைவி முன்னால் வேகவைத்த கோழித் துண்டோடு. முன்னங்கால் இரண்டையும் நான்தான் ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தேன், பின்னங்கால் தானாக வந்தது. முதலில் கடைசி இரண்டு படி மட்டும், நாலு நாள். அப்புறம் நாலு படி. படியில் கம்பளம் இல்லை என்றால் வழுக்காத பட்டை ஒட்டிவிடுங்கள். பாதி வழியில் பயந்து ஒரே தாவாகத் தாவினால் கால் போய்விடும்.

கண்ணாடிக் கதவுக்கு உங்கள் மகளை விட்டு, நாயின் கண் உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். அவளுக்கும் வேலை ஆச்சு.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | செவ்வாய், காலை 9:15

நான் லண்டனில். ரொம்ஃபர்ட் ஓட்டத் திடல் எங்களுக்குக் கிட்ட. சின்ன வயதில் அப்பாவின் கூட்டாளிமாரோடு போய் பந்தயம் பார்த்திருக்கிறேன். வால்தம்ஸ்டோ திடல் 2008இலேயே மூடிவிட்டார்கள், விம்பிள்டன் 2017இல், ரொம்ஃபர்ட் மட்டும் இன்னும் ஓடுகிறது. பந்தயம் பார்த்தவன் கடைசியில் ஓடி முடித்த நாயை வளர்க்கிறேன், அப்படிப் போகிறது கதை.

இங்கே காதைத் திறந்து பார்த்தால் பச்சை குத்தியிருக்கும். இரண்டு காதிலும் இருந்தால் அயர்லாந்தில் பிறந்தது. எங்களுடையது இரண்டு காதும். பிரித்தானியாவில் ஓடும் நாய்களில் மிகப் பெரும்பான்மை அங்கிருந்துதான் வருகிறது. 1975 முதல் ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் கிரேஹவுண்ட் ட்ரஸ்ட் இருக்கிறது. 2020இல் இன்னொரு ஏற்பாடும் வந்தது: நாயைப் பந்தயத்துக்குப் பதியும்போதே உரிமையாளர் பாதி, பந்தய வாரியம் பாதி என்று ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும், நாய் ஓய்வுபெற்றதும் அந்தக் காசு வீடு தேடிக் கொடுக்கும் நிலையத்துக்குப் போகும்.

கழுத்துப்பட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சாதாரணப் பட்டை போடாதீர்கள். இதுகளின் கழுத்து தலையை விட அகலம். பயந்து பின்னால் இழுத்தால் பட்டை வடிவாகக் கழன்று கையில் வந்துவிடும், நாய் ரோட்டில் நிற்கும். இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற மார்டிங்கேல் பட்டைதான் வேண்டும். நீண்டு சுருங்குகிற வார் வேண்டவே வேண்டாம். அது சில பாய்ச்சலிலேயே முழு வேகம் எடுத்துவிடும், அந்த வார் முடிகிற இடத்தில் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கரிசல்காரி | செவ்வாய், மதியம் 1:30

நான் கோவில்பட்டிப் பக்கம், இப்போது பிரிஸ்பேன். கிரேஹவுண்டு வளர்க்கவில்லை, ஆனால் தாத்தா வீட்டில் சிப்பிப்பாறை இருந்தது. மாமா வீட்டில் கன்னி. கல்யாணப் பெண்ணுக்குச் சீராக அனுப்புவார்கள், அதனால்தான் கன்னி என்று பெயர் என்று ஆச்சி சொல்வார். அந்தக் காலத்தில் முயலுக்கு விடுவார்கள், இப்போது சட்டப்படி அதெல்லாம் கூடாது.

படத்தில் பார்த்தால் கிரேஹவுண்டும் அதே சாயல்தான். ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீள மூஞ்சி. மோப்பம் பிடித்துப் போகும் நாய் வேறு, கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய் வேறு. தாத்தா சொல்வது: 'கண்ணு தெறந்துச்சுன்னா காது அடைச்சிரும்.' பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் நாய்தான், தோளில் கால் போட்டுக் கொஞ்சும் நாய்தான். தூரத்தில் ஏதோ ஒன்று துள்ளி ஓடுவதைப் பார்த்துவிட்டால் நீங்கள் கத்துவது அதற்குக் கேட்கவே கேட்காது. பக்கத்து வீட்டுப் பூனை விஷயத்தில் இதை மனதில் வையுங்கள்.

சோபாவைப் பறிகொடுத்தவன் | செவ்வாய், மாலை 6:10

தாத்தா சொன்னதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நம் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் வீட்டுக் கிரேஹவுண்டுக்கு வெளியே போகும்போது வாய்ப்பூட்டு கட்டாயமில்லை. ஆனால் வார் கட்டாயம், மற்ற நாய்களை அவிழ்த்துவிடும் பூங்காவிலும்கூட.

பூனையோடு ஒரே வீட்டில் இருக்கும் கிரேஹவுண்டுகள் நிறைய உண்டு. கொடுக்கும் முன் பூனையைக் காட்டிப் பார்ப்பார்கள், அதன் முடிவைக் கேளுங்கள். ஆனால் சோபாவில் படுத்திருக்கும் பூனை வேறு, வேலி தாண்டி ஓடும் பூனை வேறு. வீட்டுப் பூனையோடு படுத்துத் தூங்கும் என் இரண்டாமவள் தோட்டத்தில் போசம் என்ற மரமேறும் சின்னப் பிராணியைப் பார்த்துவிட்டு ஹில்ஸ் ஹாயிஸ்ட் கொடிக்கம்பத்தில் போய் மோதினாள். தொடையில் தோல் காகிதம் மாதிரி கிழிந்து தொங்கியது. பதினாலு தையல். கொழுப்பே இல்லாத உடம்பு, அந்தத் தோலும் அவ்வளவு மெலிசு.

வெட்நர்ஸ்_அக்கா | செவ்வாய், இரவு 9:45

தம்பி, நான் சிட்னியில் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், இரண்டுமே முக்கியம்.

முதலில் உங்கள் மகன். மூன்று வயது என்றீர்கள். பல கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். பார்த்தால் விழித்திருப்பது மாதிரியே இருக்கும். கெனலில் அது தூங்கும்போது யாரும் வந்து மேலே விழுந்ததில்லை. குழந்தை ஓடிப்போய் கட்டிப்பிடித்தால், கனவில் இருக்கும் நாய் எங்கே இருக்கிறோம் என்று தெரியும் முன்பே உறுமிவிடும், சிலது கடிக்கவும் செய்யும். அது கெட்ட நாய் இல்லை, நம்மைத் தூக்கத்தில் யாராவது உலுக்கினால் நாமும் கையை வீசத்தான் செய்வோம். எட்டு வயதுப் பெண்ணுக்குச் சொன்னால் புரியும். மூன்று வயதுக்குப் புரியாது. அதனால் நாயின் படுக்கையை மூலையில் போட்டு, குழந்தைகளுக்குக் கட்டும் தடுப்புக் கதவு ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அந்தப் பக்கம் நாயின் ராஜ்ஜியம், பையன் போகக்கூடாது. எழுப்ப வேண்டுமானால் தூரத்திலிருந்து பெயர் சொல்லி எழுப்புங்கள். இதைச் செய்ய முடியாது என்றால் இரண்டு வருடம் பொறுத்து நாய் எடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, ரத்தம். கிரேஹவுண்டின் ரத்தப் பரிசோதனை மற்ற நாய்களோடு ஒத்துப்போகாது. சிவப்பணு அளவு 50 முதல் 65 சதவீதம் வரை இருக்கும், மற்ற நாய்க்கு அப்படி இருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்போம். தட்டணுக்கள் குறைவாக இருக்கும், கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல், தைராய்டு அளவு குறைவு. இதெல்லாம் அதற்கு இயல்பு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இது தெரியாமல் நல்ல நாய்க்கு எட்டு மாதம் தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நாய் ராத்திரியெல்லாம் மூச்சிரைத்தபடி நடந்துகொண்டே இருந்தது, வீட்டுக்காரர்கள் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் கூட்டிப்போனார்கள். எண்ணை மட்டும் பார்த்தார்கள், எந்த இனம் என்று பார்க்கவில்லை.

மயக்க மருந்திலும் கவனம் வேண்டும். தயோபென்டோன் வகை மருந்து இவற்றின் உடம்பில் சீக்கிரம் கரையாது, எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். இப்போது வேறு மருந்துகள் இருக்கின்றன, இருந்தாலும் கேட்டுவிடுங்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் திடீரென்று ரத்தம் கசிவதும் இந்த இனத்தில் உண்டு. கிரேஹவுண்டு நிறையப் பார்த்த கால்நடை மருத்துவர் யார் என்று உங்கள் பகுதியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல் பெரும்பாலும் மோசமாகத்தான் வரும். துலக்கிப் பழக்குங்கள். வயதான பிறகு நொண்டினால் சுளுக்கு என்று விட்டுவிட வேண்டாம், எலும்புப் புற்று இந்த இனத்தை அதிகம் பிடிக்கும்.

தார்னெய்ட்_வாசி | செவ்வாய், இரவு 11:20

அக்கா, கோபம் எல்லாம் இல்லை. இதைத்தான் கேட்க வந்தேன். தடுப்புக் கதவு மகனுக்காக வாங்கியதே பரணில் கிடக்கிறது. மனைவியும் நானும் இன்று இரவு நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தோம்.

வேலிக்கு_வெளியே | புதன், காலை 8:30

எல்லோரும் கழுத்துப்பட்டை, படிக்கட்டு என்று பேசுகிறீர்கள். இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் பேசவில்லை. 2015இல் ஏபிசி தொலைக்காட்சியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சியில், உயிரோடு இருக்கும் போசத்தையும் பன்றிக்குட்டியையும் கட்டிவைத்து நாய்க்குப் பயிற்சி கொடுத்ததைக் காட்டினார்கள். அடுத்த வருடம் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் மைக் பேர்ட் ஜூலையில் கிரேஹவுண்டு பந்தயத்துக்குத் தடை என்றார், அக்டோபரில் பின்வாங்கினார். விக்டோரியாவில் தத்துக் கொடுக்கும் பெரிய திட்டத்தை நடத்துவதே பந்தய வாரியம்தான். ஒரு கையால் புதுக் குட்டிகளை உற்பத்தி செய்துகொண்டு, மறு கையால் 'அழகான சோம்பேறி நாய், கூட்டிப்போங்கள்' என்று விளம்பரம். நீங்கள் ஒன்றை எடுத்தால் அங்கே இன்னொன்றுக்கு இடம் காலியாகிறது.

சோபாவைப் பறிகொடுத்தவன் | புதன், காலை 9:40

காலியாகிறது என்பது உண்மை. நான் எடுக்காமல் விட்டால் அந்தக் கெனலில் இருக்கும் நாய்க்கு என்ன நடக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஆறு வருடமாக இருக்கிறேன், இன்னும் தீரவில்லை. பந்தயத்தில் நான் பணம் கட்டுவதில்லை, என் அலுவலகத்தில் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய நாளுக்குப் பணம் சேர்த்தாலும் கொடுப்பதில்லை. வாரியத்தோடு சம்பந்தமில்லாத தன்னார்வக் குழுக்களும் நாய்களை எடுத்து வீடு தேடுகின்றன, அவர்களிடம் எடுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

வேலிக்கு_வெளியே | புதன், காலை 10:15

அதைச் சொல்லத்தான் வந்தேன், சூடாகிவிட்டேன். கான்பெராவில் 2018இல் பந்தயம் நின்றது. நியூசிலாந்து அரசும் 2024 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தது. பந்தயம் நின்றால் ஒரே நேரத்தில் நிறைய நாய்களுக்கு வீடு தேவைப்படும், அதனால் நாய் எடுப்பவர்களை நான் எதிர்க்கவில்லை. பந்தயக்காரர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கரிசல்காரி | புதன், இரவு 8:20

ஒரு சந்தேகம். அம்மா வருகிறார் என்றீர்களே, சைவமா? பூஜை அறை, கோலம், தீட்டு என்றெல்லாம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

தார்னெய்ட்_வாசி | புதன், இரவு 9:00

சைவம். இன்று போனில் சொன்னேன். 'நாய் வீட்டுக்குள்ளயா?' என்று ஒரே ஒரு கேள்வி. அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார். அந்த மௌனம்தான் பயமாக இருக்கிறது.

வெட்நர்ஸ்_அக்கா | புதன், இரவு 9:30

அம்மா வந்த பிறகு ஊட்டிவிட ஆரம்பிப்பார், அதற்கு இப்போதே தயாராகுங்கள். சாம்பார் சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசமும் கேசரியும் அதைவிட ஆபத்து, அதில் போடும் திராட்சை சிறுநீரகத்தை அடித்துவிடும். பண்டிகை நாளில்தான் இந்தக் கேஸ் எங்களிடம் வரும். தாளிக்காத தயிர் சாதம் ஒரு கை, பரவாயில்லை.

தார்னெய்ட்_வாசி | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு

மன்னிக்கவும், இங்கே வந்து சொல்லவே இல்லை. நாய் வந்து பதினொரு வாரம் ஆகிறது. ஒரு தன்னார்வக் குழுவிடம் முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, அப்புறம்தான் எழுதிக்கொடுத்தோம். கறுப்பு, பெண், நாலரை வயது, 27 கிலோ. பந்தயப் பெயர் ஒரு முழ நீளம், ஆங்கிலத்தில் ஏதோ மின்னல், புயல் என்று வரும். மகள் வைத்த பெயர் மை.

முதல் இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. நாங்கள் மேலே போனதும் கீழே தனியாக ஊளையிட்டாள். படுக்கையைக் கூடத்தில் போட்டு நானே பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். ஒவ்வொரு நாளும் பாயை ஓர் அடி தள்ளித் தள்ளி, பதினாறாம் நாள் மாடிக்குப் போய்விட்டேன். தடுப்புக் கதவு இருக்கிறது. மகன் அதற்கு இந்தப் பக்கம் நின்று 'மை, எழுந்திரு' என்று கத்துவான், அவள் எழுந்து வந்தால் கதவைத் திறப்போம். ஒரே ஒருமுறை மகள் மறந்துபோய் உள்ளே போய்த் தொட்டுவிட்டாள். உறுமல். கடிக்கவில்லை. இருவரும் சமமாகப் பயந்தார்கள்.

பூனை பிழைத்திருக்கிறது. வேலிக்கு மேல் கம்பி வலை அடித்தேன், அதற்கு ஆன செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.

படி இன்னும் ஏறுவது மட்டும்தான். இறங்கத் தூக்கிக்கொண்டு வருகிறேன். 27 கிலோ, நான்கு காலும் நான்கு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

அம்மா கதை தனி. முதல் வாரம் 'அதை அந்தப் பக்கம் கட்டு' என்றார். கட்டவில்லை. ஒருநாள் சமையல் மேடையில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மை போய் அவர் தொடையில் முழு எடையையும் சாய்த்து நின்றாள். அம்மா நகரவில்லை. 'நிக்கிறதுக்குக்கூட சோம்பேறித்தனம் இதுக்கு, என் மேல சாயுது பாரு' என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீரை ஆய்ந்து முடியும் வரை இரண்டு பேரும் அப்படியே. இப்போது தினமும் பதினோரு மணிக்குத் தாளிக்காத தயிர் சாதம், ஒரு கை. பூஜை அறை வாசலில் மட்டும் ஒரு மணைக்கட்டையைக் குறுக்கே வைத்திருக்கிறார். மை அதைத் தாண்டுவதில்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரே எட்டில் தாண்டிவிடலாம்.

வெட்நர்ஸ்_அக்கா | ஞாயிறு, மாலை 5:15

27 கிலோவைத் தூக்குகிறாயா? முதுகு போனால் என்னிடம் வராதே, நான் நாய்க்குத்தான் பார்ப்பேன். இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு பழைய துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள், இரண்டு வாரத்தில் இறங்கிவிடும்.

தார்னெய்ட்_வாசி | ஞாயிறு, மாலை 5:40

துண்டு. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை. சரி, இன்னொரு கேள்வி: குளிர் தொடங்கிவிட்டது, காலை நடையில் நடுங்குகிறாள். கடையில் வாங்கிய நாய்க்கோட்டு முதுகில் பாதிதான் வருகிறது, நெஞ்சில் இறுக்குகிறது. கிரேஹவுண்டு அளவுக்குத் தைத்த கோட்டு எங்கே கிடைக்கும்? இல்லை என்றால் அம்மா தன் பழைய சால்வையை வெட்டத் தயாராகக் கத்திரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார்.

சோபாவைப் பறிகொடுத்தவன் | ஞாயிறு, மாலை 6:05

கழுத்துப்பட்டை இருக்கும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, என்னுடையவள் சோபாவை விட்டு எழுந்தால்தானே.